பதினோரு முறை எண்பத்திரண்டு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் திலகவதி பதினாறு வருடமாகச் செக்கர். மணிக்கு ஒரு முறை மெஷினிலிருந்து ஒரு பீஸை எடுத்து அளந்து, அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை.

அவள் கணவன் அன்புராஜ் பைக்கிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தபோது, ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். இறுக்கமான கட்டு. மறுநாள் காலையிலிருந்து அவன் வலியில் துடித்தான். திலகவதி மூன்று முறை நர்ஸிடம் ஓடினாள். வலி இருக்கத்தான் செய்யும் என்று சொன்னார்களே தவிர, யாரும் வந்து பார்க்கவில்லை. சாயங்காலம் கட்டைப் பிரித்தபோது ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்திருந்தது. நான்காம் நாள் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கும் பில் போட்டார்கள். திருவாலங்காட்டுப் பக்கம் இருந்த நெல் நிலம் அதில் போயிற்று.

திருவள்ளூர் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். ஆஸ்பத்திரி கொடுத்த சிகிச்சைக் குறிப்பில், மணிக்கொரு முறை காலைப் பரிசோதித்ததாக எழுதியிருந்தது. தாளுக்கு எதிராக வாய்ச்சொல் நிற்காது, ஒரு டாக்டரின் சாட்சி வேண்டும் என்றார் அவளுடைய வக்கீல். நான்கு டாக்டர்களிடம் போனாள். ஒருவரும் எழுதித் தரவில்லை. இதற்கிடையில், பில் பணத்தில் பாதியைத் திருப்பித் தருகிறோம், வழக்கை விட்டுவிடுங்கள் என்று ஆஸ்பத்திரி சொல்லியனுப்பியது.

"வாங்கிக்கலாம் திலகா," என்றான் அன்புராஜ். "கோர்ட்டுக்கு நடந்துகினே இருந்தா, மிச்சம் இருக்குற ஒத்தக் காலும் தேஞ்சிடும்."

அவள் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணி நேரத்துக்குப் பதினோரு வரி. எல்லா வரியிலும் நாடித்துடிப்பு எண்பத்திரண்டு. ஒரே பேனா, எழுத்தில் ஒரே சாய்வு. நிஜமாகப் பார்த்து எழுதியிருந்தால் எண் இப்படி அசையாமல் நிற்காது.

விசாரணையில் அவள் இதைச் சொன்னபோது ஆஸ்பத்திரி வக்கீல் சிரித்தார்.

"நீங்க எந்த மெடிக்கல் காலேஜும்மா?"

ஆணையத் தலைவர் சிரிக்கவில்லை. ஒரே தடவையில் உட்கார்ந்து எழுதியது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

கம்பெனிக்குத் தெரிந்தால் வேலை போகலாம். இருந்தும் திலகவதி சொன்னாள்.

"நானே எழுதியிருக்கேன் சார். ஒருநாள் அளக்காமலே ஆறு மணி நேரத்த ஒண்ணா உக்காந்து எழுதினேன். ஆறு வரியும் ஒரே அளவு. நானூறு பீஸ் வீணாப் போச்சு. அப்படி எழுதுறவ கை இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்."

அடுத்த வாய்தாவுக்கு அசல் தாளோடு, கையெழுத்துப் போட்ட நர்ஸும் வர வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார்.

வெளியே படிக்கட்டில் ஆஸ்பத்திரி வக்கீல், முழு பில் பணத்தையும் திருப்பித் தர வைக்கிறேன், வழக்கை விட்டுவிடுங்கள் என்றார். திலகவதி வாய் திறக்குமுன் அன்புராஜ் ஊன்றுகோலை ஊன்றி நின்றான்.

"அந்த நர்ஸம்மா வந்துட்டுப் போவட்டும் சார்."

மறுநாள் யாரும் போய்ச் சொல்லுமுன் திலகவதியே சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று வாரம் விசாரித்து, பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். அந்த நாட்களில்தான் வாய்தாவும் வந்தது. லீவு கேட்க வேண்டியிருக்கவில்லை.