கடை பாட்டில் ஏன் குறையவில்லை

அழகு நிலையத்தில் தலை அலசிவிடுவது என் அம்மாவின் வேலை. அவர் இறந்து ஒரு மாதமாகிறது. அவருடைய கண்டிஷனர் பாட்டில் இருக்கும் குளியலறைக்குள் போகவே எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவரல்ல அம்மா. வேலை பார்த்த கடையின் கண்டிஷனரில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, சொந்தமாக வாங்கியதைக் கொண்டுபோய் வாடிக்கையாளர்களுக்குப் போடுவார். நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் கடைச் சரக்கைச் சோதித்துப் பார்த்து, கலப்படம் இல்லை என்றேன்.

"உன் மெஷினை யாரு சோதிச்சா?" என்றார்.

கடை பாட்டில் குறையாததைக் கண்டு முதலாளியம்மாவுக்கும் சந்தேகம் வந்தது.

"கண்டிஷனர் போடாமலே அனுப்பிடறீங்களாக்கா? எனக்கு அலசிக் காட்டுங்க. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

அம்மா அவரைத் தொட்டியில் சாய்த்தார். ஷாம்பூவை மண்டையில் மட்டும் விரல்நுனியால் தேய்த்து அலசினார். ஈரத்தைப் பிழிந்துவிட்டு, வேறு வழியின்றிக் கடைக் கண்டிஷனரையே நடுமுடியிலிருந்து நுனிவரை தடவினார். சற்று ஊறவிட்டு அலசியதும் சீப்பு சிக்காமல் இறங்கியது. அம்மாவின் வேலை பிழைத்தது.

"கடைச் சரக்கு நல்லாத்தானேம்மா இருக்கு?" என்று சாயங்காலம் கேட்டேன்.

"அவங்க தலைக்குன்னா நல்ல பாட்டிலைத்தானே எடுத்து வெப்பாங்க?"

மறுநாளும் சொந்த பாட்டிலோடுதான் வேலைக்குப் போனார்.