சாவிக்கொத்தும் ரோமாபுரியும்

தேவசகாயம் வாத்தியாரை எங்கள் ஊர் நாடகத்துக்கு ராஜாவாக யாரும் ஆக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. பிறகு எப்படி ஆனார் என்பது 1949-ல் ரோமாபுரி நாடகம் போட்ட அன்றுதான் எங்களுக்கே விளங்கியது.

ஏலாக்குறிச்சிக்கு மேற்கே, கொள்ளிடக்கரையில் எங்கள் ஊர். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மாதாகோவில் திடலில் நாடகம் நடக்கும். அதை நடத்த வருஷத்துக்கு இரண்டு மேனேஜர்கள், கீழத்தெருவுக்கு ஒருவர், மேலத்தெருவுக்கு ஒருவர். ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் எதுவும் செய்ய முடியாது. நாடகம் முடிந்ததும், சனம் பாயைச் சுருட்டுவதற்குள், அடுத்த வருஷத்து இருவரைக் கைதூக்கித் தேர்ந்தெடுத்து வெற்றிலைத் தட்டில் சாவிகளை வைத்துக் கொடுக்க வேண்டும். தாத்தா காலத்து வழக்கம்.

1942-ல் ஒரு மேனேஜர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். இன்னொருவர் மலேரியாவில் படுத்துவிட்டார். "இந்த ஒரு வருஷம் மட்டும் நான் பாத்துக்கறேன்" என்று வந்தார் தேவசகாயம். பிரமாதமாகத்தான் நடத்தினார், பொய் சொல்லக்கூடாது. மறுவருஷம் எலி உடுப்புகளைக் கடித்தது, பெட்டி அவர் வீட்டுக்குப் போனது. மழையில் ஆர்மோனியம் நனைந்தது, அதுவும் போனது. பிறகு திரைச்சீலை, கிரீடங்கள், கத்திகள், நாடக நோட்டுகள் என்று ஒவ்வொன்றாகப் போய், அவர் இடுப்பில் ஆறு சாவிகள் சேர்ந்தன. ஒவ்வொரு தடவையும் கையைப் பிசைந்துகொண்டு, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? ஊரு கேக்குதே" என்பார்.

தேர்தல் மட்டும் தவறாமல் நடந்தது. ஜெயித்தவர் தட்டைத் தொட்டுவிட்டு, "நீங்களே வச்சுக்குங்க சார்" என்று அவர் பக்கம் தள்ளிவிடுவார். கீழத்தெரு பாக்கியராஜாகிய நானும் 1947-ல் அப்படித்தான் தள்ளினேன். அந்த வருஷம் முழுக்க மேனேஜராக இருந்து நான் கிழித்தது, நாடகத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்தது ஒன்றுதான். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் இடுப்பில் ஆறு சாவியும் கலகலக்க அவர் தெருவில் நடந்தால் மிராசுதாரே ஒதுங்கி வழிவிடுவார். அந்தக் கொத்து இல்லாவிட்டால் அவர் வெறும் மூன்றாங்கிளாஸ் வாத்தியார். அது அவருக்கும் தெரியும். அந்த மனுஷனிடமிருந்து அதை எந்த மனசோடு வாங்குவது?

1949-ல் நாடு குடியரசாகப் போகிறது என்று பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்தது. ராஜா இல்லாமல் நாடு எப்படி நடக்கும் என்று சனம் கேட்க, பங்குச்சாமியார் வாத்தியாரைக் கூப்பிட்டு, "இவங்களுக்குப் புரியற மாதிரி ஒரு நாடகம் போடுங்களேன்" என்றார். வாத்தியார் பத்தே நாளில் ரோமாபுரியை எழுதி முடித்தார்.

ஒத்திகையில் கதையை விளக்கினார். ரோமாபுரிக்காரர்கள் ராஜாவைத் துரத்திவிட்டு, வருஷத்துக்கு இரண்டு தலைவர்களை வைத்துக்கொண்டார்கள். ஒருவர் வேண்டாம் என்றால் மற்றவர் செய்ய முடியாது.

"நம்ம மேனேஜருங்க மாதிரியா சார்?" என்றான் மேலத்தெரு அருளானந்தம்.

"அட, அதேதான்!" என்று வாத்தியார் குதூகலித்தார். அதற்கு மேல் அவர் யோசிக்கவில்லை.

ஆபத்துக் காலத்தில் ஆறு மாசம் மட்டும் ஒரே ஆள் ஆளலாம் என்று அங்கே சட்டம். சீசர் அதை ஆயுசுக்கும் என்று மாற்றிக்கொண்டார். அவரைக் குத்திக் கொன்றால் குடியரசு திரும்பிவிடும் என்று நினைத்தார்கள். சண்டைதான் வந்தது. கடைசியில் சீசரின் சுவீகாரப் பிள்ளை ஆக்டேவியன் மிஞ்சினான். அவன் தன்னை ராஜா என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. சபை கூடியது, தேர்தல் நடந்தது, அதிகாரம் மட்டும் ஒவ்வொன்றாக அவனிடம் வந்து சேர்ந்தது. ஒருநாள் சபைக்கு வந்து, எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றான். சபையே கெஞ்சி அவனிடம் திருப்பிக் கொடுத்தது.

ஆக்டேவியன் வேஷம் திருமழபாடி ஓடக்காரர் அமிர்தலிங்கத்துக்கு. யார் நடையையும் ஒருதடவை பார்த்தால் பிடித்துவிடுவார்.

"புடுங்காம எப்படிங்க ஐயா எல்லாத்தையும் எடுத்துக்கறது?" என்று கேட்டார்.

"அடக்கமா நில்லு. வேணாம் வேணாம்னு சொல்லு. கையை மட்டும் தள்ளி வைக்காத."

அமிர்தலிங்கம் வாத்தியாரை மேலும் கீழும் பார்த்து, "புரிஞ்சுதுங்க" என்றார்.

அதிகாரத்தைத் திருப்பிக் கொடுப்பதை மேடையில் எதை வைத்துக் காட்டுவது? வாத்தியார் யோசித்தார். இடுப்பிலிருந்த கொத்தையே அவிழ்த்து, "இதைத் தட்டுல வச்சுக் குடு. ஜனத்துக்கு டக்குனு புரியும்" என்றார்.

மண்ணெண்ணெய்க்கு ரேஷன் என்பதால் நாலு மணி வெயிலிலேயே நாடகம். வெள்ளை வேட்டியைத் தோளில் சுற்றி நாங்கள் சபையோராக உட்கார்ந்தோம். செத்துக் கிடந்த சீசரைக் கட்டெறும்பு கடித்ததில் இரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு ஆக்டேவியன் வந்தார். தோளைக் குறுக்கி, கையைப் பிசைந்து, தலையை ஒருபக்கம் சாய்த்து, "எனக்கு எதுக்குப்பா இதெல்லாம்? ஊரு கேக்குதே" என்றார். நோட்டில் அப்படி ஒரு வசனமே கிடையாது. தட்டில் அந்த ஆறு சாவியும் கலகலவென்று விழுந்ததும் வெடித்த சிரிப்பில் வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. வாத்தியார் மனைவி அமலோற்பவமேரி சிரித்துச் சிரித்துப் பக்கத்தில் இருந்தவள் மடியில் சாய்ந்துவிட்டாள்.

அடுத்த வசனம் என்னுடையது. "நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்கும் வாத்தியாரின் குரலும் வரவில்லை. ஏழு வருஷத்தில் முதல் தடவை. எட்டிப் பார்த்தேன். நோட்டை மடித்து வைத்துவிட்டு, வெறும் இடுப்பைத் தடவிக்கொண்டு நின்றார். எனக்குப் பாவமாகப் போய்விட்டது. எப்படியோ வசனத்தைச் சொல்லி நாடகத்தை முடித்தோம்.

தேர்தல் வந்தது. கீழத்தெருவுக்கு மறுபடி நான், மேலத்தெருவுக்கு அருளானந்தம். வாத்தியார் தட்டோடு வந்தார். முகம் சிவந்திருந்தது. இந்த அவமானத்தோடு சாவியும் போனால் மனுஷன் தாங்குவாரா என்று எனக்குக் கவலையாகிவிட்டது. என் கை தானாகத் தட்டைத் தள்ளப் போனது.

"தள்ளாதப்பா பாக்கியம்" என்றார் மெதுவாக. "நீ தள்ளினா நான் வாங்கிக்குவேன். என்னை எனக்குத் தெரியும்."

அவரே வளையத்தைப் பிரித்து, எனக்கு மூன்று, அருளானந்தத்துக்கு மூன்று என்று கொடுத்தார். "ஒரே வளையத்துல மட்டும் போட்டுடாதீங்க."

கூட்டத்திலிருந்து அமலோற்பவமேரி குரல் கொடுத்தாள்: "அந்தப் பொட்டியையும் இன்னைக்கே தூக்கிட்டுப் போங்க. ஏழு வருஷமா வூட்டுல நெல்லு மூட்டை வைக்க எடமில்லை!"

வாத்தியாரே முதலில் சிரித்தார்.

மறுவருஷம் நாங்கள் நடத்தினோம். எலி இரண்டு கிரீடங்களைத் தின்றிருந்தது. ஆர்மோனியத்தில் ஒரு கட்டை அழுந்தவில்லை. நடுக்காட்சியில் அருளானந்தம் வசனத்தை மறந்து விழித்தான். திடல் முழுவதும் முன்வரிசைப் பாயில் இருந்த தேவசகாயத்தைத் திரும்பிப் பார்த்தது. அவருக்கு அந்த வசனம் தெரியும். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, அருளானந்தத்துக்குத் தானாக ஞாபகம் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.