ஊதாப் பூக்கரை

அச்சு ஒற்றும் மைப்பெட்டி வாங்கினால் ஊதாதான் வாங்க வேண்டும் என்பதில் நான் ஒரே பிடிவாதம். சிவப்பு இரண்டு மாதத்தில் வெளிறி வெற்றிலைத் துப்பல் மாதிரி ஆகிவிடும். பச்சை காகிதத்தில் பிடிக்காது, விரலில்தான் பிடிக்கும். கறுப்பைப் பற்றிப் பேச்சே கிடையாது. எங்கள் பக்கத்தில் அஞ்சல்காரர் கறுப்புக் கரை போட்ட கடிதத்தை நீட்டினால் அது சாவுச் சேதி. முற்றத்தில் நின்றே வாசித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் வாசல்படி ஏறுவார்கள்.

திருவிதாங்கூர் ராஜா ஆண்ட காலம். வருடப் பிறப்பன்று காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையில் ஆளுக்கொரு வாக்குத்தத்தச் சீட்டு எடுப்பார்கள். வேத வசனம் எழுதிய சின்ன அட்டை. கையில் எது வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்குக் கர்த்தர் தரும் வாக்கு. அட்டை செய்வது நானும் அண்ணன் மனைவியான மைனியும். வசனம் எழுதுவது அண்ணன். அவன் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

வெள்ளைக்காரத் துரைசாணி விட்டுப்போன பழைய அட்டை ஒன்று ஆலயத்தில் இருந்தது. ஓரம் பழுத்து, பூக்கரை மங்கி, அத்தனை அழகு. அந்தப் பழைய களை வரவேண்டும் என்று அட்டைகளைத் தேயிலைத் தண்ணீரில் முக்கி நிழலில் உலர்த்துவேன். ஈரம் கொஞ்சம் நின்றாலும் மை பரவி, பூ புண்ணாகிவிடும். பலா மரத்தில் செதுக்கிய பூ அச்சை மைப்பெட்டியில் அழுத்தக் கூடாது, மெல்லத் தட்டித்தான் எடுக்க வேண்டும். மைனிக்கு அந்தக் கைப்பதம் வாய்த்திருந்தது. எனக்குப் பொறுமையே கிடையாது.

அந்த வருடம் மைனி மாசமாக இருந்தாள். அதற்கு முன் பிறந்த இரண்டும் கல்லறைத் தோட்டத்தில் கிடந்தன. இதுவாவது தங்க வேண்டுமே என்றுதான் வீட்டில் எல்லோருடைய ஜெபமும். அவள் சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயப்படுவாள்.

கொஞ்சம் அட்டை மிச்சமிருக்கும்போது மைப்பெட்டி வறண்டு போனது. வெளியே அடைமழை, நாகர்கோவில் கடைக்கு யார் போவது?

"எளவெடுத்த மை, இப்பத்தானா தீரணும்!" என்றேன்.

"ஏட்டி, நல்ல காரியம் செய்யும்போ அந்த வார்த்த சொல்லாண்டாம்," என்று மைனி முகம் சுளித்தாள். பிறகு அவளே எழுந்து போய், அண்ணன் கடுக்காயும் அன்னபேதியும் போட்டுக் காய்ச்சி வைத்திருந்த எழுத்து மையைக் கொண்டுவந்து மைப்பெட்டியில் ஊற்றினாள். தட்டிப் பார்த்தோம். இளம் ஊதாவாக விழுந்தது. எனக்குப் பெரிய நிம்மதி.

கடுக்காய் மை காற்றுப் பட்டால் கறுக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. எழுத்தில் அது கறுப்பதைத் தினமும் பார்க்கிறோம். பூவும் கறுக்கும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. வருடப் பிறப்புக்கு முந்தின நாள் பெட்டியைத் திறந்தால், கடைசியாகச் செய்த அட்டைகள் எல்லாம் கரிய கரையோடு கிடக்கின்றன.

அடுப்பில் போடலாம் என்றேன். அண்ணன் சம்மதிக்கவில்லை. "வேத வசனத்தத் தீயில போடுவியா? மையில என்னட்டி இருக்கு?" என்று சிரித்தான். நான் அவற்றைச் சீட்டுத் தட்டில் மற்ற அட்டைகளுக்கு அடியில் செருகி வைத்தேன்.

ஆலயத்தில் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. மைனி கண்ணை மூடிக்கொண்டு கையை ஆழ விட்டாள். அவளுக்கு எப்போதும் அப்படி எடுத்துத்தான் பழக்கம், நான் அதை நினைக்கவே இல்லை. அவள் விரலிடுக்கில் கறுப்பு ஓரம் தெரிந்தது. அவள் கண் திறக்குமுன் அண்ணன் அதை உருவிக்கொண்டு தன் அட்டையை அவள் கையில் வைத்தான்.

"இந்தா, இத நீ பிடி. எனக்க வசனம் உனக்குத்தான் பொருந்தும்."

மைனி அவன் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அவள் அந்த அட்டையை உள்ளே கொண்டுவர விடவில்லை. அவன் கேலி செய்துகொண்டே அதைக் கூரையின் வெளி இறவாரத்து ஓலையில் செருகினான்.

அன்று முதல் அவளுடைய பயம் வயிற்றை விட்டு அவன் மேல் ஏறிக்கொண்டது. ஆற்றில் குளிக்கப் போகாதீங்க, இருட்டின பிறகு நடக்காதீங்க, தென்னைக்கு அடியில் நிற்காதீங்க. ஓலைக்குள் இருந்து அந்தக் கறுப்பு ஓரம் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தது. காற்றில் ஓலை சரசரத்தால் எனக்கும் பார்வை அங்கேதான் போகும். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வரும்.

பங்குனியில் பெண் பிறந்தது. நல்ல முழுப் பிள்ளை, ஊரே எழும்பும்படி அழுதது. "பாத்தியா மைனி, மைக்கு ஒரு மண்ணும் தெரியாது," என்றேன். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி, முற்றத்தில் நின்ற அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனி மழையில் ஊரில் காலரா வந்தது. பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மூடிய மறுநாள் விடியும்போது அண்ணனுக்குத் தொடங்கியது. பொழுது சாய்வதற்குள் முடிந்தது. அன்றைக்கே அடக்கம்.

தூரத்து உறவுகளுக்குச் சேதி போக வேண்டும். அச்சாபீஸ்காரர் நோய்க்குப் பயந்து கடையைச் சாத்திவிட்டார். மைப்பெட்டியில் வேறு மையும் இல்லை. அதே கடுக்காய் மையை ஊற்றி, வேறு அச்சு இல்லாததால் அதே பூவைத் தட்டி, நானே அட்டைகளில் கரை போட்டேன். அண்ணன் காய்ச்சிய மை. நடுவில் அவன் பெயரையும் நானே எழுதினேன்.

மைனி பிள்ளையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒன்றை எடுத்துப் பார்த்தாள்.

"ஏட்டி, இது ஊதாவால்லா இருக்கு. பிள்ள பெறந்த சேதின்னு நெனச்சு, சிரிச்சிட்டே வீட்டுக்குள்ள கொண்டு போயிருவாவ."

"கொஞ்சம் காயட்டும் மைனி. கறுத்துரும்."

முற்றத்தில் ஓலைப்பாயில் பரப்பி வைத்தோம். மழை விட்டிருந்தது. பிள்ளை அவள் மடியில் தூங்கியது. வெகுநேரம் அவள் அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, மிகவும் மெதுவாகக் கேட்டாள்:

"கறுக்கல்லேன்னா அனுப்பாண்டாம், இல்லியா?"

பாயின் ஓரத்தில் முதலில் வைத்த அட்டை அதற்குள் கறுக்கத் தொடங்கியிருந்தது. அவள் பார்க்காதபடி அதன்மேல் என் கையை வைத்துக்கொண்டேன்.