கப்பில் கிடக்கும் சிவப்புக் கோடுகள்

அக்காள் வீட்டுக் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் கப்பு கிடக்கிறது. அதன் மேல் சிவப்பு நகப்பூச்சால் போட்ட கோடுகள் இன்னும் அழியவில்லை. அத்தான் மீனுக்குத் தீனி அளந்த கப்பு. பாழாய்ப்போன கோடுகள், எத்தனை தேய்த்தாலும் போகமாட்டேன் என்கின்றன.

வளைகுடாவில் வெயில் தின்றது போதும் என்று வந்தவர், அருமனைக்கு அருகே ரப்பர் தோட்டத்தின் தாழ்ந்த மூலையில் குளம் வெட்டி, கட்லா மீன்குஞ்சுகளை விட்டார். இந்த ஒரு விளைச்சல் தேறினால் திரும்ப விமானம் ஏற வேண்டாம். அவர் ஆசை அவ்வளவுதான். அவ்வப்போது வலை வீசி, கிடைத்ததை எடை பார்ப்பார். மீன் வளர வளரக் கப்பில் கோடு மேலே ஏறும். கோடு போடுவது மகள், நகப்பூச்சும் அவளுடையது. "தின்னதுல கொஞ்சம் அது உயிரோட கெடக்கதுக்கே போவும் மக்கா. மிச்சம் வந்தாத்தான் சதை வைக்கும்" என்பார் என்னிடம். வானம் மூடியிருந்தால் தீனி கிடையாது. அன்று மீன் சரியாகத் தின்னாது, மிஞ்சும் தீனி அழுகித் தண்ணீரில் காற்றில்லாமல் செய்துவிடும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஓதி வைத்திருந்தார். பெண்டாட்டியைக்கூடக் கப்பைத் தொட விடமாட்டார். நாங்கள் கேலி செய்வோம்.

மகள் கல்யாணத்தன்று முழுக்க மூட்டம். பெண்ணை மாப்பிள்ளை வீட்டில் விட்டுவர அத்தான் மார்த்தாண்டம் போயிருந்தார். பந்தலில் சோறும் பாயசமும் அண்டா அண்டாவாக மிஞ்சிக் கிடந்தன. கல்யாணச் சோற்றைக் குப்பையில் கொட்ட எங்கள் பக்கத்தில் யாருக்கும் மனம் வராது. "பாவம், அதுவளும் நம்ம வீட்டுப் பிள்ளையளுதானே. இன்னைக்காவது வயிறு நெறைய தின்னட்டும்" என்று அக்காள்தான் குளத்தில் அண்டாவைச் சரித்தாள்.

விடிந்தபோது மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து தவித்தன. புதுத் தண்ணீர் பாய்ச்சுவதற்குள் எல்லாம் செத்து மிதந்தன. திரும்பி வந்து கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்த அத்தான் அக்காளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள். "போட்டும், விடு. நீ சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விதான் அவளை இன்றுவரை அரிக்கிறது.

தலை நரைத்தபின் மறுபடி விமானம் ஏறினார். இன்னும் அங்கேதான். சம்பாதிப்பது இரண்டு பக்கமும் உயிரோடு கிடப்பதற்கே சரியாகப் போகிறது. மிச்சம் என்று ஒன்று வரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை.

இன்று நான் அக்காள் வீட்டுக்குப் போயிருந்தபோது காலையிலிருந்தே மழை. ரப்பர் இலை மூடிய குளத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அத்தானின் போன் வந்தது. எப்போதும்போல முதல் கேள்வி மூட்டத்தைப் பற்றித்தான், "அங்க மழக்காறு உண்டா?"

அக்காள் கையில் அந்தக் கப்பு இருந்தது. "இல்ல, நல்ல வெயிலு" என்றாள்.

தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

"அப்ப செரி" என்றார்.