என் நம்பரையே போட்டேன்

பெரியவளே, போன வாரம் உன் காலேஜ் விண்ணப்பத்தை நிரப்பும்போது, செல்போன் நம்பர் கேட்கிற கட்டத்தில் என் கை நின்றுவிட்டது. "என்னப்பா, நம்ம நம்பரே மறந்துபோச்சா?" என்று சிரித்தாய். சின்னவனும் சேர்ந்து சிரித்தான். மறக்கவில்லை. அந்தக் கட்டத்தை வைத்து நான் செய்த ஒரு காரியத்தை உங்கள் இரண்டு பேரிடமும் இதுவரை சொன்னதில்லை. நேரில் சொல்ல வாய் வரவில்லை. எழுதுகிறேன்.

கமிஷன் கடையில் பில் எழுதும் வேலையை விட்டுவிட்டு, திருச்சுழியில் உரக்கடைக்குப் பக்கத்தில் பாதிக் கடையைப் பிடித்து, பழைய கம்ப்யூட்டரோடு நான் உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். பட்டா மாறுதல், ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீடு எல்லாம் போட்டுத் தருவேன் என்று போர்டு மாட்டினேன். வந்தவர்கள் எல்லாம் ஜெராக்ஸ் எடுக்கத்தான் வந்தார்கள். ஒருத்தர் பஸ்ஸுக்குச் சில்லறை மாற்ற வந்தார்.

சரி, நாமே போவோம் என்று நோட்டீஸ் அடித்துக்கொண்டு ஊர் ஊராக பஸ் ஏறினேன். வீரசோழனில் வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். பரளச்சி டீக்கடையில் ஒருத்தர் சத்தமாகவே படித்துவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்தார்.

"ஏலே, இவுக எல்லாத்தையும் ஆன்லைன்ல போட்டுத் தாராகளாம்."

"போட்டு? ஓடிபி வரணும்ல. நான் ரீசார்ஜ் பண்ணி மூணு மாசமாச்சு."

"இந்தப் பக்கம் மழையே வரல, ஓடிபி எங்குட்டு வரும்?"

கடையே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "போன் இல்லாட்டியும் வாங்கண்ணே, என் நம்பரையே போட்டு முடிச்சுத் தாரேன்" என்று சொல்லிவிட்டேன்.

நோட்டீஸ் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. மூன்றாம் நாள் ஒரு அக்கா வந்தது. கருவேல விறகை எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத்தில் வேலை பார்க்கிற அக்கா. ரேஷன் கார்டில் பெயர் திருத்த வேண்டும் என்றது. அதுதான் எனக்கு முதல் ஆள். வேலை முடிந்ததும் ஊரில் போய்ச் சொல்லி, இரண்டு இரண்டு பேராக அனுப்பி வைத்தது.

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த சமயத்தில் மகளையும் கூட்டிவந்தது. "தம்பி, எங்க வீட்ல காலேஜுப் படி ஏறப்போற மொதப் பிள்ளை இதுதான். பாத்துப் போடுங்க." நல்ல மார்க். பி.காம் கேட்டது பிள்ளை. நம்பர் கட்டம் வந்தபோது, "எங்கம்மா போனுக்கு ரீசார்ஜ் பண்ணிருவோம் சார், அதையே போடுங்களேன்" என்றது.

நான்தான், "எதுக்கும்மா, நம்ம நம்பரே இருக்கட்டும். மெசேஜ் வந்தா நானே சொல்லிவிடுறேன்" என்றேன். உபகாரம் போலச் சொன்னேன். உள்ளுக்குள் கணக்கு வேறு. மெசேஜ் என்னிடம் வந்தால் அடுத்த வேலைக்கும் என்னிடம்தானே வர வேண்டும்.

அதற்குள் என் போனில் யார் யாருக்கோ வரவேண்டிய மெசேஜ் எல்லாம் வந்து குவிந்துகொண்டிருந்தது. தொல்லை தாங்காமல் சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தேன். ஒருநாள் வேறொருத்தரின் ஓடிபியைத் தேடும்போது அது கண்ணில் பட்டது. அசல் சான்றிதழ்களோடு கலந்தாய்வுக்கு வரவும் என்று அந்தப் பிள்ளை பெயருக்கு வந்திருந்தது. தேதி முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அன்று மத்தியானமே அந்த அக்கா வந்துவிட்டது. கூடவே எனக்காக இரண்டு புது ஆட்கள். கடையில் ஆள் காத்திருப்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

"தம்பி, பிள்ளைக்கு மெசேஜ் வந்துச்சா?"

"வரலக்கா."

"காலேஜுக்கு பஸ்ஸுல ஏறுனா ஒரு மணி நேரம். நேர்ல ஒரு எட்டு போயிக் கேட்டுட்டு வரட்டுமா?"

"சும்மா அலைச்சல்தான்க்கா. எல்லாமே ஆன்லைன். உள்ளயே விடமாட்டாக."

பிள்ளைகளா, தவறவிட்டதைக்கூட வேலை மும்முரத்தில் நடந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தப் பொய்யை அப்படிச் சொல்ல முடியாது. இடம் மிச்சமிருந்தால் இரண்டாவது தடவை கூப்பிடுவார்கள், நேரில் போய் விவரம் சொன்னால் வழி காட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும். போனால், 'இந்த நம்பருக்கு அனுப்பினோமே' என்று என் நம்பரை வாசித்துக் காட்டுவார்கள் என்பதும் தெரியும். புதிதாக வந்த இரண்டு பேர் முன்னால் என் பெயர் கெடக்கூடாது. அதற்காக அந்தத் தாயை பஸ் ஏறவிடாமல் தடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, "மார்க்கு பத்தல போல தம்பி" என்று அந்த அக்காவே ஒரு முடிவுக்கு வந்தது. நான் தலையாட்டினேன். பிள்ளை மில் வேனில் ஏறி நூல் மில் வேலைக்குப் போக ஆரம்பித்தது. அப்புறமும் அந்த அக்கா எனக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தவில்லை. நம் கடை இன்று நிற்பது அப்படி வந்த ஆட்களால்தான். இரண்டு வருஷம் இதை மூடிக்கொண்டே இருந்தேன். உன் விண்ணப்பத்தைப் போட்ட பிறகு முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அந்த அக்கா பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டது. உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"அன்னைக்கே சொல்லிருந்தா வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டு அடுத்த பஸ்ஸுல போயிருப்பேனே தம்பி" என்றது அந்த அக்கா.

பிள்ளை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. "அப்ப என் மார்க்கு பத்தாமப் போகலையா சார்?"

"பத்தும்மா. நல்லாவே பத்தும்."

அதைக் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே நின்றது. அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

"இந்த வருஷமும் போடலாம்மா. நானே முன்ன நின்னு..." என்று ஆரம்பித்தேன்.

"போட்டுக்கிறேன் சார். வேற எடத்துல போட்டுக்கிறேன்."

"மாற்றுச் சான்றிதழ் ஒரிஜினலா கொண்டு போகணும்..."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டது.

அந்த அக்கா மட்டும் தெருவரைக்கும் கூட வந்தது. ஏதாவது வையட்டும் என்று காத்திருந்தேன். வையவில்லை.

"மூணே முக்காலுக்கு பஸ்ஸு இருக்கு" என்றது.