வளவுப் பக்கம் திருப்பிய பலகை

கண்டரமாணிக்கத்தில் எங்கள் பூர்வீக வீட்டில் செல்போன் பேச வேண்டுமென்றால் மொட்டைமாடிக்குத்தான் ஏற வேண்டும். அந்தச் சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி சிக்னல் உள்ளே வராது. பொறியியல் கல்லூரியில் வயர்லெஸ் பாடம் நடத்துகிற எனக்கு இது பெரிய மானக்கேடு. நான் காரைக்குடியில் குடியிருந்தேன். பத்துப் பங்காளிகளுக்குப் பொதுவான அந்த வீட்டில் வருஷம் முழுக்க இருந்தவர் என் அண்ணன் ஒருவர்தான். அதுவும் பின்கட்டு அறையில், ரத்தக்கொதிப்போடு, தனியாக.

அவருக்காகத்தான் ஆய்வகத்தில் நாங்கள் செய்த பலகையைக் கொண்டுபோய் முற்றத்துச் சுவரில் உயரமாக மாட்டினேன். அது சிக்னலை உண்டாக்காது. தன்மேல் விழுவதை வாங்கி, சொன்ன ஒரு திசையில் மட்டும் திருப்பிவிடும், அவ்வளவுதான். திசையை என் செல்போனிலிருந்தே மாற்றலாம். பின்கட்டுக்குத் திருப்பிவைத்த அன்று அண்ணன் படுத்தபடியே எனக்குப் போன் போட்டுச் சிரித்தார்.

இதன் ஆபத்துகளைப் பற்றி நான் கட்டுரையே எழுதியிருக்கிறேன். வெளியாள் உள்ளே புகுந்து திசையை மாற்றலாம், பேச்சை ஒட்டுக்கேட்கலாம், ஒருவருக்குப் போக வேண்டியதை வேறு பக்கம் தள்ளிவிடலாம். பக்கம் பக்கமாக எழுதிய மேதாவி, மாட்டினவனே மாற்றுவான் என்று ஒரு வரி எழுதவில்லை.

முன்னோர்களுக்குப் படைக்கிற நாளில் பங்காளிகள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அண்ணனுக்குக் காலையிலிருந்தே தலைச்சுற்றல். "நீ போயி படைப்பைப் பாருப்பா. முடியலைன்னா போன் போடுறேன்" என்றார். முன்முற்றத்தை நாங்கள் வளவு என்போம். அங்கே பெரியப்பா மகன், மலேசியாவிலிருக்கும் தன் அக்காவுக்குப் படைப்பை வீடியோவில் காட்ட முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"கும்பிடணும்னு காத்திருக்காகப்பா. அந்தப் பலகையைச் செத்த இங்குட்டுத் திருப்பிவிடு."

பத்து நிமிஷம்தானே என்று திருப்பினேன். அந்த அக்கா கண் கலங்கிக் கும்பிட்டார். பிறகு இன்னொரு வீட்டார், அதற்குப் பிறகு இன்னொருவர். பந்தி முடியும்வரை பலகை வளவையே பார்த்து நின்றது. நான் அடிக்கடி செல்போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் முழுதாக இருந்தது, அழைப்பு எதுவும் இல்லை. அண்ணன் தூங்குகிறார் என்று நிம்மதியாகப் பாயசம் குடித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

படைப்புச் சோற்றை எடுத்துக்கொண்டு போனபோது அவர் கட்டிலுக்குக் கீழே கிடந்தார். வாய் கோணியிருந்தது. வீட்டின் நீளத்துக்கு அவர் கத்தியிருந்தாலும் எங்களுக்குக் கேட்டிருக்காது. கையிலிருந்த போனில் என் எண்ணுக்கு ஒன்பது முறை போட்டிருந்தார். ஒன்றுகூட வெளியே போகவில்லை. ஆஸ்பத்திரியில், இன்னும் முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பங்காளிகள் விதி என்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அன்றே பலகையைப் பின்கட்டுக்குத் திருப்பினேன், அதன்பிறகு தொடவில்லை. தினமும் மத்தியானம் கல்லூரியிலிருந்து அவருக்குப் போன் போடுகிறேன். பார்த்துக்கொள்ளும் பெண் அதை அவர் காதில் வைக்கிறாள். அவர் மூச்சு விடுவது பக்கத்திலிருப்பதுபோல் தெளிவாகக் கேட்கிறது. அண்ணே என்கிறேன். பதில் சொல்லத்தான் அவருக்குப் பேச்சு இல்லை.