பாஸுக்குப் பார்க்க மட்டும் அனுமதி

எண்பதுகளின் கடைசியில் மலேசியாவின் ஈப்போவில் ஒரு சின்ன கம்பெனியில் கிராணியாக, கணக்கும் கடிதமும் பார்க்கும் வேலையில், இருந்தேன். செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிப்பாகம் விற்கும் கம்பெனி. மாடியில் பாஸோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர், கீழே மாமாக் கடை என்கிற தேநீர்க்கடை. பாஸ் நான்கு கம்ப்யூட்டர்களை வாங்கி ஒயரால் இணைத்தார். இரண்டு நாள் பயிற்சிக்குப் போனவள் என்பதால் அந்த நெட்வொர்க் என் தலையில் விழுந்தது.

எல்லாருக்கும் பொதுவாக ஒரு டைரக்டரி வைத்திருந்தேன். இப்போது ஃபோல்டர் என்கிறார்களே, அதுதான். விலைப்பட்டியலும் கடிதங்களும் அதில் இருந்தன. பத்து மணிக்கு யாருக்கு என்ன பானம் என்ற பட்டியலும் அதில்தான். அவரவர் வேண்டியதை அவரவரே தட்டுவார்கள். நான் அச்சடித்து, கூடையில் போட்டு, ஜன்னல் வழியாக மாமாக் கடைக்கு இறக்குவேன்.

ஒருநாள் பாஸின் மனைவி போன் செய்தார்.

"தங்கச்சி, அவருக்கு இனிப்புநீர் ஏறிப்போச்சு. இனிமே கோப்பி ஓ கோசோங்தான், பாலும் கூடாது, சீனியும் கூடாது. அந்த லிஸ்ட்ல அவரு கை வைக்காம செய்ய முடியுமா?"

முடியும் என்றேன். செய்தும் விட்டேன். மறுநாள் காலை உள்ளறையிலிருந்து சத்தம் வந்தது.

"என் கம்ப்யூட்டர்ல எனக்கே பெர்மிஷன் இல்லையா?"

"பார்க்கலாம் பாஸ். மாத்த முடியாது."

"பார்த்துக்கிட்டே இருந்தா தொண்டை நனையுமா லா?"

அவர் ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனைப் பிடித்தார். அண்ணன் தன் கம்ப்யூட்டரிலிருந்து பாஸின் வரியை நுரை பொங்கும் இனிப்புப் பால்தேநீரான தே தாரிக் என்று மாற்றிக் கொடுத்தார். நான் பார்த்தும் பார்க்காதது போல் இருந்தேன். வெள்ளிக்கிழமை பாஸின் மனைவி திடீரென்று வந்து நின்றபோது, பாஸின் மீசையில் நுரை இருந்தது.

உடனே அந்த அம்மாவிடமிருந்து எனக்கு உத்தரவு வந்தது. இனி என்னைத் தவிர யாரும் பட்டியலைத் தொடக்கூடாது. அதன்பிறகு எல்லாரும் என் மேசைக்கு வந்து, எனக்கு மைலோ, எனக்குத் தே ஓ என்று வரிசையில் நின்றார்கள். பயிற்சிக்குப் போய்ப் பரிமாறுகிறவளாகத் திரும்பினோமே என்று எரிச்சலாக இருந்தது.

ஒரு காலை நான் குவளை கழுவப் போனேன். கம்ப்யூட்டரில் என் கணக்கிலிருந்து வெளியேறாமல் விட்டுப்போனது என் தப்பு. திரும்பி வந்தால் என் நாற்காலியில் பாஸ், முகமெல்லாம் வேர்வை.

"தங்கச்சி, எனக்கு மட்டும் திறக்கலாம்னு பார்த்தேன். எல்லாத்தையும் பூட்டிட்டேன் போல."

உண்மைதான். டைரக்டரி முழுவதற்கும் எல்லாருடைய அனுமதியையும் எடுத்துவிட்டிருந்தார், என்னுடையதையும் சேர்த்து. அந்த நேரம் பார்த்துத் தெலுக் இந்தான் ஆலையிலிருந்து விலை கேட்டு போன். விலைப்பட்டியல் திறக்கவில்லை. ஸ்டோர் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு பதினேழு சாமான்களின் விலையையும் மனப்பாடமாய்ச் சொன்னார். சிரிப்பு வந்தது, வேலை போய்விடுமோ என்று பயமாகவும் இருந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் விற்றவர் கோலாலம்பூரிலிருந்து வந்து திறந்து கொடுத்தார். அவர் பின்னாலேயே பாஸின் மனைவியும் மாடியேறி வந்தார்.

"அந்த கோப்பி லிஸ்ட்டை மாத்துற பெர்மிஷன் இனி எனக்கு மட்டும் குடு."

கொடுத்தேன். அவர் ஒற்றை விரலால் நிதானமாகத் தட்டினார். ஐந்து பேருக்கும் கோப்பி ஓ கோசோங்.

"அக்கா, எனக்கு இனிப்புநீர் இல்லை லா!" என்று அண்ணன் அலறினார்.

"வராம இருக்கட்டும்."

பல நாளுக்குப் பிறகு அன்றுதான் பாஸ் வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் முகம் சுளித்துக்கொண்டே குடித்தோம்.